முதலாளி வீட்டு அரிசி

எங்கள் சபையில் அசனம் என்றால் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அதற்காகப் பெண்கள் தினமும் உலை வைக்கும்போது, கல் பொறுக்கிய அரிசியில் ஒரு பிடி எடுத்து வைப்பார்கள்.

ஒரு வருஷம் அரிசி மண்டி வேதமாணிக்கம் முதலாளி, உலை கொதிக்கிற நேரத்தில் இரண்டு மூட்டையோடு வந்து இறங்கினார். சமையல்கார ஞானப்பூ முறத்தை எடுத்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு மானம் போய்விட்டது.

"என் அரிசியையா புடைக்கப் போற? அப்படியே கொட்டு!"

பிடியரிசியோடு சேர்த்துக் கொட்டினாள். சோறு வெந்ததும் அடுத்த குறை.

"ஒண்ணாக் கலந்துட்டியே! நான் குடுத்தது எதுன்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிய வை. இல்லேன்னா இனி அடுப்படிப் பக்கம் நீ வரப்படாது."

"பந்தி உக்காரட்டும் மொதலாளி. பருக்கை பருக்கையாக் காட்டுதேன்."

ஜெபம் முடிந்து முதல் வாய். வாத்தியார் பல் 'கடக்' என்றது.

"சார், அது மொதலாளி அரிசி!" என்று கத்தினாள் ஞானப்பூ.

போதகர் அம்மா முகத்தைச் சுளித்தார்.

"அதுவும் மொதலாளிதுதாம்மா!"

பந்தியே சிரித்தது. முதலாளி தலையைக் குனிந்து அவசரமாக அள்ளிப் போட்டார். கடக்.

"அவுக அரிசி அவுகளையே தேடிப் போயிருச்சு!"

அடுத்த அசனத்தில் ஒருவர் பல்லிலும் கல் படவில்லை.

"இந்தத் தடவை முதலாளி அரிசி தரலையா?" என்று கேட்டார் வாத்தியார்.

"தந்தாவ சார். அவுகளே உக்காந்து புடைச்சும் குடுத்தாவ. எதுன்னுதான் இப்ப எனக்கே தெரியல."