கண்ணுக்கும் குழலுக்கும் நடுவே

"ஸ்கோப்பை எவ்வளவு உயரத்துல வெச்சிருந்தா லூர்து செத்திருக்க மாட்டான், டீச்சர்?"

பாக்கியநாதன் வந்ததும் கேட்டது இதைத்தான். சாக்கில் சுற்றிய ரைபிளை மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

டீச்சர் சாக்கைப் பிரித்தார். ரைபிளின் குண்டறைக்குள் குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

அவர் பெயர் சங்கரவடிவு. ஏலமலையின் அடிவாரத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஒரு காலத்தில் கல்லூரிப் பெண்களுக்கு ரைபிள் சுடக் கற்றுக்கொடுத்தவர். அதனால் எல்லோருக்கும் டீச்சர்.

பாக்கியநாதன் அவரைவிட வயதில் மூத்தவர். மலையில் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. காட்டுப்பன்றிகள் ஏலச்செடித் தட்டைகளைக் கிளறிப் போட்டன. அவற்றைச் சுட அனுமதி கிடைத்தது, சுடத்தான் தெரியவில்லை. டீச்சரிடம் வந்தார். மூச்சை அடக்குவதையும் விரலை அவசரமில்லாமல் மடக்குவதையும் அவரிடம்தான் கற்றுக்கொண்டார்.

முதலில் ரைபிள்மேல் குறிபார்க்க இருந்தது ஒரு சின்ன ஸ்கோப். குழலை ஒட்டித் தாழ்வாக உட்கார்ந்திருக்கும். கன்னத்தை ரைபிளின் பின்கட்டையில் வைத்தால் போதும், கண் தானாக லென்ஸுக்கு நேரே வந்துவிடும்.

ஆனால் பன்றிகள் பொழுது சாயும் நேரத்தில்தான் இறங்கின. அந்த மங்கலில் சின்ன லென்ஸில் ஒன்றும் பிடிபடவில்லை. பாக்கியநாதன் பெரிய லென்ஸ் வைத்த ஸ்கோப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

டீச்சர் வேண்டாம் என்றார். லென்ஸ் குழலில் இடிக்கும், உயரமான வளையம் போட்டுத்தான் ஏற்ற வேண்டும், கன்னம் கட்டையை விட்டு எழும்பும், கண் இருக்கும் இடத்துக்கும் குண்டு கிளம்பும் இடத்துக்கும் இடைவெளி அதிகமாகிவிடும் என்று சொன்னார்.

பாக்கியநாதன் விடவில்லை. இருட்டில் தெரிந்தால் போதும் என்றார்.

டீச்சர் மாட்டிக் கொடுத்தார்.

லூர்து, பாக்கியநாதன் மனைவியின் தம்பி. காவலுக்கு எப்போதும் துணைக்கு வருவான். அன்று சாயங்காலம் இருவரும் தோட்டத்து ஓரத்தில் கல்கட்டுக்குப் பின்னால் படுத்திருந்தார்கள். பன்றி வந்தது. ஸ்கோப்பில் முழுசாகத் தெரிந்தது. பாக்கியநாதன் சுட்டார்.

குண்டு பன்றியிடம் போகவில்லை. குழல் வாய்க்கு ஒரு சாண் முன்னால் கல்கட்டின் மேல்கல் இருந்தது. அதில் பட்டுச் சிதறியது. சிதறியதில் ஒரு துண்டு, பக்கத்தில் படுத்திருந்த லூர்துவின் கழுத்தில் ஏறியது.

ஜீப் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விபத்து என்று எழுதி வழக்கை முடித்தார்கள். துப்பாக்கியும் திரும்பி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வந்திருந்தார்.

"நீங்கதானே மாட்டினீங்க" என்றார் பாக்கியநாதன்.

"நான்தான் மாட்டினேன்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. டீச்சர் மறுப்பார், சண்டை போடலாம் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். இப்போது அவை எதற்கும் உதவவில்லை.

கொஞ்சம் கழித்து வீட்டு நிலைமையைச் சொன்னார். மனைவி மரியபுஷ்பம் சோறு போடுகிறாள், துணி துவைத்துப் போடுகிறாள். பேசுவதில்லை. அடக்கம் முடிந்த அன்று மட்டும் ஒரே ஒரு தடவை, என் தம்பி எப்படிச் செத்தான் என்று கேட்டாள். இவருக்கு வாய் வரவில்லை. அவள் அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

"அவகிட்ட ஏதாவது சொல்லணும் டீச்சர். இந்த உயரந்தான் கொன்னுச்சுன்னு சொல்லணும். சரியான உயரம் எதுன்னு நீங்க சொல்லுங்க. அதை மட்டும் சொல்லுங்க."

"அந்த இடத்துக்குப் போகலாம்" என்றார் டீச்சர்.

"நான் அங்க வரமாட்டேன்."

ரைபிள் சுடாதபடி டீச்சர் அதன் போல்ட்டைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். பழைய சின்ன ஸ்கோப்பையும், தாழ்ந்த வளையங்களையும், திருப்புளியையும் எடுத்துக்கொண்டார். கடையைப் பூட்டினார்.

பாக்கியநாதன் பின்னாலேயே போனார்.

தோட்டத்தில் யாரும் வேலை செய்யவில்லை. ஏலத்தட்டைகளுக்குக் கீழே பன்றி கிளறிய மண் புதிதாக இருந்தது. கல்கட்டில் அந்த மேல்கல்லில் மட்டும் ஒரு மூலை உடைந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"படுங்க" என்றார் டீச்சர்.

பாக்கியநாதன் நின்றார். பிறகு முழங்காலிட்டு மெதுவாகப் படுத்தார். போல்ட் இல்லாத ரைபிளை டீச்சர் அவர் கையில் கொடுத்தார்.

"என்ன தெரியுது?"

"பன்றி நின்ன இடம் தெரியுது."

"நடுவுல?"

"ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு."

"தலையத் தூக்கிட்டுப் பாருங்க."

தூக்கினார். குழலின் வாய் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாக்கியநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் குரலில் ஒரு ஆவல் வந்தது. பார்த்தீங்களா, உயரந்தான், நான் சொன்னேனே என்றார்.

டீச்சர் ரைபிளை வாங்கி, மண்ணில் உட்கார்ந்து, பெரிய ஸ்கோப்பைக் கழற்றினார். தாழ்ந்த வளையங்களில் சின்ன ஸ்கோப்பை மாட்டி முறுக்கினார். அவ்வளவு நேரமும் பாக்கியநாதன் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியர் நாடி பிடிக்கும்போது நோயாளியின் சொந்தக்காரர்கள் பார்ப்பதுபோல.

மறுபடி படுத்தார். இப்போது கன்னம் கட்டையில் படிந்தது.

"என்ன தெரியுது?"

"அதே இடந்தான்."

"கல்லு?"

வெகுநேரம் பார்த்தார்.

"தெரியல."

தலையைத் தூக்கினார். குழல் முன்பைவிடக் கொஞ்சம் மேலே வந்திருந்தது. வாயில் பாதி கல்லுக்கு மேலே இருந்தது. பாதி கல்லுக்குப் பின்னால் இருந்தது.

"இன்னும் தாழ வையுங்க" என்றார்.

"இதுக்கு மேல தாழாது. லென்ஸ் குழல்ல உக்காந்துடும்."

"வேற வளையம் இருக்கும்."

"இல்லண்ணே. கண்ணு மேலதான் இருக்கும், குழல் கீழதான் இருக்கும். உங்க கன்னத்துக்கும் லென்ஸுக்கும் பொருந்துற உயரம் இதுதான். ஆனா வாய்க்கு முன்னால கிடக்குற கல்லை எந்த உயரமும் காட்டாது."

பாக்கியநாதன் நெற்றியைக் கட்டையின்மேல் வைத்துக்கொண்டார். மரியபுஷ்பத்திடம் சொல்ல இருந்த ஒரே சொல்லும் போய்விட்டது. இனி அந்த வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டார். அதை அவர் டீச்சரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

டீச்சர் கல்கட்டின் ஓரத்தைப் பார்த்தார்.

"லூர்து எங்க படுத்திருந்தார்?"

பாக்கியநாதன் பார்க்காமலே கையைக் காட்டினார். இடப்பக்கம், கொஞ்சம் முன்னால்.

டீச்சர் அந்த இடத்தில் போய்ப் படுத்தார்.

பாக்கியநாதன் பதறி எழப் பார்த்தார். போல்ட் என் பையில் இருக்கிறது என்று டீச்சர் நினைவுபடுத்தினார்.

"அன்னைக்கு மாதிரியே குறி வைங்க. பன்றி வந்துடுச்சு."

பாக்கியநாதன் ரைபிளைத் தோளில் அணைத்துக்கொண்டார். கண்ணை லென்ஸில் வைத்தார். மண்ணும் தட்டையும் மறைந்து அந்த வட்டம் மட்டும் மிஞ்சியது. மூச்சை அடக்கினார். விரல் மடங்கத் தொடங்கியது.

தோளில் ஒரு கை விழுந்தது. இரண்டு முறை தட்டியது.

பாக்கியநாதன் ரைபிளை விட்டுவிட்டார். அது கல்கட்டில் உரசிச் சாய்ந்தது.

"எதுக்குத் தொட்டீங்க?"

"சுடாதீங்கன்னு சொல்லத்தான். இங்க படுத்தா குழல் வாயும் கல்லும் நல்லாத் தெரியுது. சத்தம் போட்டா பன்றி ஓடிடும்னு தட்டினேன்."

பாக்கியநாதன் தோளில் அந்தக் கை பட்ட இடத்தைத் தன் கையால் மூடிக்கொண்டார். உடம்பு மண்ணோடு ஒடுங்கியது.

டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார்.

அவர் போலீஸிடம் சொல்லாதது அது. கோர்ட்டில் சொல்லாதது. சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதே அந்த நிமிஷம்வரை அவருக்குத் தெரியாது.

"லூர்துவும் தட்டினான்."

டீச்சர் அவரையே பார்த்தார்.

"சுடுங்கன்னு சொல்றான்னு நெனச்சேன், டீச்சர்."