மிடுக்கனும் பட்டு ரவிக்கையும்

காட்டோரத்தில் ஒரு வீடு. அங்கே வெள்ளையன் என்ற பூனை இருந்தது. அந்த வீட்டு நாய் சடையன் அதைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அது விறகுக் குவியலுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது.

"என்ன ஆச்சு?" என்றது சடையன்.

"ஒன்றுமில்லை, போ."

சடையனும் போய்விட்டது. மறுநாள் வெள்ளையன் இல்லை.

குழந்தைகளே, பூனைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வலித்தால் ஒளிந்துகொள்ளும். யாரிடமும் சொல்லாது.

அதற்குப் பிறகு வந்த பூனை மிடுக்கன். கர்வம் பிடித்தது. ஒரு நாள் காலையில் அது சாம்பல் மேட்டில் போய்க் குந்தியது, முக்கியது. ஒரு சொட்டும் வரவில்லை. நகர்ந்தது, உடனே திரும்பி வந்து மறுபடியும் குந்தியது.

"டேய் மிடுக்கா, இது ஐந்தாவது தடவை! மூத்திரம் அடைத்துக்கொண்டதா?" என்று சடையன் பதறியது.

"ராஜா குந்தும் இடத்தை எட்டிப் பார்க்காதே! எனக்கு ஒன்றுமில்லை!" என்று சீறிவிட்டு, மிடுக்கன் தள்ளாடிப் போய் அதே விறகுக்குப் பின்னால் புகுந்தது.

சடையனுக்கு மயிர் சிலிர்த்தது.

"விடப்பா, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்றது சோம்பேறி வெள்ளாடு, தழையை மென்றபடி.

"வெள்ளையன் எழுந்தானா?" என்று கேட்டுவிட்டுச் சடையன் பாய்ந்தது.

வீட்டுக்காரி மரகதவல்லி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சடையன் குரைத்தது. முந்தானையை இழுத்தது.

"சனியனே, சும்மா கிட!"

இனிப் பொறுக்க நேரமில்லை. கொடியில் கிடந்த பட்டு ரவிக்கையைக் கவ்விக்கொண்டு எடுத்தது ஓட்டம்!

"ஐயோ, கல்யாணத்துக்குப் போட வைத்திருந்தேனே! நில்லுடா!"

அவள் தடியோடு துரத்தினாள். கிணற்றைச் சுற்றி, கோழிகளைச் சிதறடித்து, விறகுக் குவியல்வரை ஓடிய சடையன், ரவிக்கையை இடுக்கில் போட்டது. அவள் குனிந்து கையை விட்டாள். சில்லென்ற ஒரு காது தட்டுப்பட்டது. மிடுக்கன் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அடிவயிறு கல்லாக இருந்தது.

தடி கீழே விழுந்தது. அவள் பூனையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். சடையனும் கூடவே ஓடியது.

மருத்துவர் மெல்லிய குழாய் விட்டு அடைப்பை நீக்கினார். "நல்லவேளை! இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது" என்றார்.

நான்கு நாள் கழித்து மிடுக்கன் வீடு திரும்பியது.

"நான் உன்னை உதவிக்குக் கூப்பிடவே இல்லையே!"

"இல்லை ராஜா. ரவிக்கைதான் கூப்பிட்டது" என்றது சடையன்.

மருத்துவர் ஊசி போடுவதற்காக மழித்த மிடுக்கனின் முன்னங்காலில் இன்னும் மயிர் முளைக்கவில்லை.

நீதி: வாய் மறைத்தாலும் உடம்பு நோயைக் காட்டிக்கொடுக்கும், அதைக் கண்டதும் ஓடி உதவி தேடுபவரே உயிரைக் காப்பார்.