சாம்பார் வாளி

“மறுபடியும் மாத்திட்டாங்கம்மா,” என்றார் சட்டநாதன்.

அபயாம்பாள் நிமிரவில்லை. அவர் முன்னால் ஒரு பூசணிக்காய் பாதி வெட்டிய நிலையில் கிடந்தது.

“உட்காருங்க. எதை மாத்திட்டாங்க?”

“வேலையை.”

“போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க?”

“போன தடவை கம்ப்யூட்டர். இது அதைவிட மோசம்.”

காவிரிக் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தை அபயாம்பாள் நடத்திவந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டநாதனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. தன்னைவிட இளையவரைக் குருவாகக் கொண்டதில் அவருக்குக் கூச்சம் இல்லை. கேட்டதற்கு ஒரு நாளும் நேராகப் பதில் வருவதில்லை என்பதுதான் குறை.

அவர் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். விபத்தில் அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்ப்பார். குனிந்து, தொட்டு, தட்டி, எவ்வளவு நஷ்டம் என்று எழுதித் தருவார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அதுதான்.

“இனிமே நான் போக வேண்டாமாம். வண்டிக்காரனே செல்போன்ல போட்டோ எடுத்து அனுப்புவானாம். மெஷின் பார்த்துட்டு இவ்வளவுதான்னு சொல்லுமாம்.”

“அப்ப நீங்க?”

“போன் எடுக்கணும். மெஷின் யாருக்கெல்லாம் பணம் இல்லன்னு சொல்லுதோ, அவனெல்லாம் கூப்பிட்டுக் கத்துவான். அவனை நான் சமாதானப்படுத்தணும். பட்டறைக்குள்ள நான் போனா எழுந்து நிப்பாங்கம்மா. நான் உட்கார்ந்து போன் எடுக்கிறதா?”

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்து அணைத்தார்.

“யாரு?”

“மேனேஜர். திங்கட்கிழமைக்குள்ள சொல்லணும். ஒண்ணு, அந்த வேலைக்கு வரேன்னு. இல்லன்னா விலகிக்கிறேன்னு.”

“வீட்ல என்ன சொல்றாங்க?”

“பொண்ணு இன்னும் படிப்பை முடிக்கலை. என்ன சொல்லுவாங்க? போனைத்தான் எடுங்களேன், கை தேஞ்சா போயிடும்னு கேக்கிறா என் சம்சாரம்.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“விலகிடுங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, நிம்மதியா விலகிடுவேன்.”

அபயாம்பாள் அரிவாள்மணையைத் தள்ளி வைத்தார்.

“ஆக, பழியைப் போட ஒரு ஆள் வேணும்.”



பந்திக்கு மணி அடித்தது.

கேள்வியோடு வந்தவர் ஒரு பந்தி பரிமாறாமல் போகக் கூடாது என்பது அந்த மடத்து வழக்கம். சட்டநாதன் முணுமுணுத்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். அபயாம்பாள் சாம்பார் வாளியை அவர் கையில் கொடுத்தார்.

சட்டநாதன் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்ல. ஒவ்வோர் இலைக்கும் அடிவரை கலக்கினார். முருங்கைக்காய் வருகிறதா என்று கரண்டியைத் தூக்கிப் பார்த்தார். வராவிட்டால் திரும்பக் கலக்கினார். சோற்றில் குழி சரியில்லாதவர்களிடம் சரிசெய்யச் சொல்லிவிட்டு நின்று காத்திருந்தார்.

“ஊத்துங்க சார்,” என்றார் ஒருவர்.

“இருங்க. அடியில காய் கிடக்கு.”

பந்தியின் மறுபாதி வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காரும்? ரசம் கொண்டுவந்தவர் சட்டநாதனைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். பிறகு மோரும் போனது.

சட்டநாதன் பாதிப் பந்தியைத் தாண்டியபோது எதிரே ஒரு லாரி டிரைவர். இலையில் மோர்ச்சோறு.

“சாம்பார்,” என்றார் சட்டநாதன்.

டிரைவர் இலைக்கு மேல் கையை விரித்தார். “மோருக்கு வந்தாச்சு சார். ஊறுகாய் இருக்கா?”

“நான் சாம்பார்.”

“அதான் தெரியுதே. ஊறுகாய்?”

“காய் நிறைய இருக்கு. நல்லா இருக்கும்.”

“இருக்கட்டும் சார்.”

அடுத்த இலையிலும் கை விரிந்தது. அதற்கடுத்ததிலும். ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளோடு பேச்சை நிறுத்தாமல், இவரைத் திரும்பியும் பார்க்காமல், கையால் இலையை மறைத்தாள்.

சட்டநாதன் பாதி வாளிச் சாம்பாரோடு சமையல்கட்டுக்குத் திரும்பினார்.

“என்ன ஜனங்கம்மா இது. இந்தச் சாம்பார்ல ஒரு குறை சொல்ல முடியுமா?”

அபயாம்பாள் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு ருசி பார்த்தார்.

“இல்ல. நல்ல சாம்பார்.”

“அப்புறம் ஏன் வாங்க மாட்டேங்கிறாங்க?”

அபயாம்பாள் அவரையே பார்த்தார். பிறகு அவர் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தார். பந்தியைக் காட்டினார்.

“போங்க.”

“எதை எடுத்துட்டுப் போறது?”

“ஒண்ணும் வேண்டாம்.”

“வெறுங்கையோடயா?”

“ஐயோ, போங்களேன்.”

அத்தனை பேர் நடுவில் கையில் ஒன்றும் இல்லாமல் நடப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பார்ப்பதற்கு வாளி இல்லாததால் இலைகளைப் பார்த்தார்.

“என்ன சார், சாம்பாரும் போச்சா?” என்றார் டிரைவர்.

“போச்சு. உங்களுக்கு ஊறுகாய்தானே?”

“அப்பவே கேட்டேனே.”

ஓடிப்போய்க் கொண்டுவந்தார். அடுத்தவர் சோற்றில் உப்பு இல்லை. அதைக் கொண்டுவந்தார். அதற்கடுத்த பெரியவருடைய இலை கிழிந்து, மோர் அவர் மடியை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை, விரலால் அணை கட்டிக்கொண்டிருந்தார். சட்டநாதன் ஒரு துண்டு இலையை எடுத்துவந்து அடியில் செருகினார்.

பேசிக்கொண்டே இருந்த அம்மாள் இந்த முறை திரும்பிப் பார்த்தாள். “கொஞ்சம் தண்ணி வைப்பா.”

வைத்தார்.

செல்போன் மறுபடி அடித்தது. ஊறுகாய் ஒட்டிய கையாலேயே எடுத்தார்.

“சட்டநாதன் சார், முடிவு பண்ணிட்டீங்களா? மேல இருந்து குடைச்சல் தாங்கலை,” என்றார் மேனேஜர்.

“ஒண்ணு கேக்கணும்.”

“சம்பளமா? குறையாது சார்.”

“அது இல்ல. கூப்பிட்டுக் கத்துறாங்களே, அவங்களுக்கு என்னதான் வேணுமாம்?”



“அதை யாரும் கேட்டுப் பார்க்கலையே சார்.”

பந்தியின் கோடியில் யாரோ கையைத் தூக்கினார்கள்.

“திங்கட்கிழமை நான் கேக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு சட்டநாதன் ஓடினார்.