ஒரு படி அரிசியின் எடை

மலையடிவார மடத்துச் சமையற்கூடத்தில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தொன்பது.

குரு பூங்கோதை, அடுப்படியையே தவச்சாலையாக்கிக்கொண்டவள். சீடர் சிற்றம்பலம், மருந்தை மில்லிகிராம் கணக்கில் நிறுத்தே காலம் தள்ளி ஓய்வுபெற்ற காம்பவுண்டர். உட்கார்ந்தால் முட்டி ஆடும். நின்றால் விரல் ஆடும்.

போன பௌர்ணமிக்கு அவர் தனியாக வைத்த வெண்பொங்கல் வேகவே இல்லை. பந்தியில் ஒரு பெரியவர், "ஐயா, இது பொங்கலா, அட்சதையா?" என்று கேட்டு, இரண்டு பருக்கையைத் தன் தலையிலேயே தூவிக்கொண்டார். பந்தியே சிரித்தது.

நாளை மறுபடி பௌர்ணமி. பூங்கோதை வெளியூர்ப் பூசைக்குப் போகிறாள். வரப்போவது முந்நூறு பேர். இதுவும் கெட்டால் மூட்டையைக் கட்டிவிட வேண்டியதுதான் என்று சிற்றம்பலம் முடிவே கட்டிவிட்டார்.

"குருவம்மா, அன்னைக்கும் அதே படி, அதே தண்ணி. உங்களுக்கு மட்டும் குழையுது. இனிமே இந்தப் படிக்கணக்கே எனக்கு வேண்டாம். ஒரு படி அரிசி எத்தனை கிராம்னு சொல்லிடுங்க, எழுதிக்கறேன்."

"தராசுதான் வாங்கி வந்திருக்கீங்களே. நிறுத்துப் பாருங்க."

அளந்தார். நாளைய முந்நூறு இலையும் கண்முன் வந்து நின்றன; "முந்நூறு எலை," என்று வாய் தானாக முணுமுணுத்தது. படியைத் தரையில் மூன்று தட்டு தட்டி, மேலே இன்னொரு கை அரிசி போட்டு, தலைதட்டி நிறுத்தார். ஆயிரத்து நானூற்று இருபது.

எதற்கும் இன்னொரு தடவை. படி நிறையும் முன்பே கண் தராசுக்கு ஓடியது. தலைதட்டிய விரல் படிக்குள்ளே குழித்துக்கொண்டு போனது. ஆயிரத்து இருநூற்று நாற்பது.

"தராசு பொய் சொல்லுது."

பேட்டரியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டார். உள்ளங்கையால் அரிசியை அமுக்கி அளந்தார். ஆயிரத்து முந்நூற்று எண்பது.

"நகருங்க ஐயா," என்றாள் பூங்கோதை.

இல்லாத மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். முட்டியை ஆட்டினாள். "முந்நூறு எலை, முந்நூறு எலை," என்று அச்சாக அவர் குரலிலேயே முணுமுணுத்தபடி படியை மூன்று தட்டு தட்டினாள். ஆயிரத்து நானூற்று இருபது.

"தராசு பொய் சொல்லுது," என்று விரலைக் குழித்துத் தலைதட்டினாள். ஆயிரத்து இருநூற்று நாற்பது. ஒரு கிராம் பிசகவில்லை.

சிற்றம்பலத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "நான் அப்படியா பண்றேன்?"

"உங்க மனசு நோகக் கூடாதேன்னு கொஞ்சம் குறைச்சுத்தான் பண்ணினேன். இப்ப நீங்க நானா மாறுங்க, பாக்கலாம்."

"நானா?"

"மூணு மாசமா என் பின்னாலதானே நிக்கறீங்க."

அவர் கண்ணை மூடித் திறந்தார். அவளைப்போலவே இடது கையை இடுப்பில் வைத்தார். சுருதி சேராத அவள் முனகலைக்கூட விடவில்லை. அரிசி ஒரே சீராய் விழுந்தது. படியைத் தட்டவில்லை, அமுக்கவில்லை. கை விளிம்பால் நேராக ஒரு வழி வழித்தார்.

ஆயிரத்து முந்நூறு.

மறுபடி அளந்தார். ஆயிரத்து முந்நூறு.

மூன்றாவது தடவையும் அதுவே வந்ததும் முனகல் நின்றது, முட்டி ஆடத் தொடங்கியது. ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தார்.

"கிடைச்சிருச்சு குருவம்மா. ஒரு படி, ஆயிரத்து முந்நூறு கிராம். எழுதிக்கவா?"

"தாராளமா எழுதுங்க. பக்கத்துலயே, அளந்தது யாருன்னும் எழுதிடுங்க."

ஆயிரத்து முந்நூறு என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது.