சரக்கு மாஸ்டரின் புழுப்பெட்டி

"ஏம்மா, புழு ஓடிப்போகாம இருக்க என்னதான் வழி?"

செருப்பைக் கழற்றும் முன்பே சிவசைலம் கேட்டுவிட்டார்.

கேட்டது இசக்கியம்மாளிடம். பாளையங்கோட்டையில் தகரக் கொட்டகை போட்டு, சிமெண்ட் தொட்டிகளில் மண்புழு வளர்த்து விற்கிறவள். வயது முப்பத்து நாலு. அவருக்கு அறுபத்திரண்டு. புழு விற்கிறவளைப் போய் ஒரு பெரிய மனிதர் குருவாகக் கொண்டார் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். ஊருக்கு வேறு என்ன வேலை?

இசக்கியம்மாள் சாணத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஓடுதா?"

"ஓடுதாவா! காலையில எந்திரிச்சா அடுப்பங்கரை பூரா நெளியுது. நேத்து காப்பிச் சட்டிக்குப் பக்கத்துல ஒண்ணு."

"என்ன செஞ்சிய?"

"அம்மிக் குழவியத் தூக்கி மூடி மேல வச்சேன். ஓட்டையெல்லாம் டேப்பு போட்டு ஒட்டினேன். சுத்தி உப்புக்கோடு போட்டேன். அதுல நாலு செத்துப்போச்சு. மனசு கேக்கல. கூட்டித் தள்ளிட்டேன்."

"இப்போ?"

"முன்னைவிட ஓடுது."

"சரி" என்றாள். மறுபடியும் கிளறினாள்.

புழுவுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். அந்தப் புழுப்பெட்டி, காய்கறிக் கழிவை உரமாக்க அவருடைய மகள் கோமதி வீட்டில் வைத்தது. தூத்துக்குடியில் வங்கி வேலை கிடைத்ததும் அங்கேயே ஓர் அறை எடுத்துப் போய்விட்டாள். போகும்போது, "அப்பா, நான் வாரப்போ இதெல்லாம் இருக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

அம்மா இல்லாத பெண். இவர் சமைத்துப் போட்டே வளர்த்த பெண்.

சனிக்கிழமை காலை வருவாள், சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் கிளம்பிவிடுவாள். நாலு மாதத்தில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. கடைசி இரண்டு சனிக்கிழமை வரவே இல்லை. வேலை இருக்கிறதாம்.

புழுவும் போய்விட்டால் அவள் இந்த வீட்டுக்கு வர என்ன இருக்கிறது? இதுதான் சிவசைலத்தின் பயம். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"என்ன போடுதிய அதுகளுக்கு?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

அப்போதுதான் அவர் முகம் மலர்ந்தது. ஜங்ஷன் பக்கத்து மெஸ் ஒன்றில் முப்பத்தோரு வருடம் சரக்கு மாஸ்டராக இருந்தவர். குழம்பும் கூட்டும் அவர் கைப்பக்குவம். பந்திக்கு ஆள் குறைந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரே பரிமாறவும் வந்துவிடுவார். போட்ட கதையைக் கேட்டால் விடுவாரா?

"காலையில ரெண்டு இட்லி, உதுத்துப் போடுவேன். மத்தியானம் சோறு, மேல கொஞ்சம் புளிக்குழம்பு. சாயங்காலம் மோர் விட்டுப் பிசைஞ்சு. நேத்து எலுமிச்சை சாதம். ஊறுகா மட்டும் வைக்கல. காரம்லா, வாயில்லாச் சீவன்."

இசக்கியம்மாள் முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நாளைக்கு மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பிடுங்க அண்ணாச்சி."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"சாப்பிட வாங்க."

மறுநாள் போனார். கொட்டகையை ஒட்டி ஒற்றை அறை வீடு. அவர் உள்ளே வந்ததும் இசக்கியம்மாள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஜன்னலையும் சாத்தினாள்.

"ஃபேன் போடலாமே?"

"காத்துல சோறு ஆறிரும்."

இலை விரித்தாள். சோறு, புளிக்குழம்பு, வாழைக்காய். புளி கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் நல்ல கை. தொழில் தெரிந்தவர் என்பதால் மனதாரப் பாராட்டினார்.

பாராட்டியது தப்பாகிவிட்டது. இன்னொரு மலை சோறு விழுந்தது. அதன் மேல் குழம்பு. அதையும் எப்படியோ முடித்தார். மூன்றாவது தடவை அவள் கரண்டியோடு வந்தபோது இலையின் மேல் கையை மறித்து வைத்தார்.

"போதும்மா."

"கையை எடுங்க அண்ணாச்சி."

"போதும்."

அவள் கையின் மேலேயே ஊற்றினாள்.

குழம்பு விரலிடுக்கில் இறங்கி, இலையைத் தாண்டி, வேட்டிக்கு வந்தது. வியர்வை கழுத்தில் வழிந்தது. இசக்கியம்மாளின் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அடுத்த கரண்டியை முக்கிக்கொண்டே கேட்டாள்:

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா எதுக்குப் போதும்ங்கிய?"

இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று சிவசைலத்துக்குத் தோன்றியது. யோசிக்க நேரமில்லை. மோர்ச் சட்டியும் வந்துகொண்டிருந்தது.

எழுந்தார். எச்சில் கையோடு தாழைத் திறந்தார். வாசலைத் தாண்டி, கொட்டகையைத் தாண்டி, தண்ணீர்க் குழாயடியில் போய் நின்றுதான் மூச்சு விட்டார்.

உள்ளேயிருந்து இசக்கியம்மாளின் குரல் வந்தது.

"அண்ணாச்சி! கதவுக்கு மேல குழவியத் தூக்கி வைக்கட்டுமா?"

சிவசைலம் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

நடுவிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பேச்சை எங்கே கேட்டோம் என்று நினைவு வந்துவிட்டது. அவர் கேட்டதல்ல. சொன்னது. மெஸ்ஸில் முப்பத்தோரு வருடம். வீட்டில் அதற்கும் குறைவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே வீட்டுக்கு நடந்தார்.

வந்ததும் குழவியை இறக்கி அம்மியில் வைத்தார். டேப்பை உரித்தார். பெட்டிக்குள் புளித்த வாடை குப்பென்று அடித்தது. தான் ஆசையாசையாகப் போட்டதெல்லாம் அங்கே கூழாகக் கிடந்ததைப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்தது. அள்ளி அள்ளித் தென்னை மூட்டில் புதைத்தார். பழைய பேப்பரைக் கிழித்து, தேங்காய் நாரோடு கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பரப்பினார்.

மூடியைப் போடவில்லை. வெளிச்சம் பட்டால் புழு மேலே வராது என்று கோமதி எப்போதோ சொல்லியிருந்தாள். அன்றைக்குக் காதில் விழாதது இன்றைக்கு விழுந்தது. பெட்டிக்கு மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டார்.

மூன்று நாள் ஒன்றும் போடவில்லை. கை அரித்தது. இட்லித் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அரித்தது. பொறுத்துக்கொண்டார்.

முதல் நாள் காலை விளிம்பில் மூன்று புழு. மறுநாள் ஒன்று. வெள்ளிக்கிழமை ஒன்றுகூட இல்லை.

பதறிப்போய்ப் பேப்பரை விலக்கிப் பார்த்தார்.

எல்லாம் அடியில் இருந்தன. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சுகமாக இருந்தன.

சனிக்கிழமை கோமதி வந்தாள். பையைக்கூட இறக்காமல் பெட்டியிடம் போனாள். ஒரு கைப்பிடி நாரைத் தூக்கிப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கே!"

"ம்" என்றார்.

மத்தியானம் இலை போட்டார். ஒரு குழம்பு, ஒரு பொரியல், ரசம். கோமதி அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் வருமா?"

"இல்லம்மா. இவ்வளவுதான்."

சாப்பிட்டாள். இரண்டாம் தடவை அவர் குழம்போடு வந்தபோது, வழக்கம்போல இலையின் மேல் கையை மறித்தாள். மறித்துவிட்டு, கண்ணையும் சுருக்கிக்கொண்டாள். மேலே ஊற்றப்போகிறார் என்று தெரியும்.

முப்பத்தோரு வருடப் பழக்கம் சும்மா விடுமா? மணிக்கட்டு அதுவாகவே சாய்ந்தது. ஒரு சொட்டு அவள் விரலில் விழுந்துவிட்டது.

சிவசைலம் கரண்டியை நிமிர்த்தினார். சட்டிக்குள் திரும்ப வைத்தார். நாக்கு நுனி வரைக்கும் வந்த பேச்சை விழுங்கினார்.

கோமதி கண்ணைத் திறந்தாள். கையில் இருந்த ஒரே ஒரு சொட்டைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

சாயங்காலம் ஐந்தரை. இந்த நேரத்துக்குத்தான் அவர் வெளிக் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "இன்னைக்கு ஒரு ராத்திரி இருந்தா என்ன?" என்று தொடங்குவார். அவள் முகம் இறுகும். சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடுவாள்.

இன்று கேட் திறந்தே கிடந்தது. தெருவிலிருந்து காற்று வந்தது. சிவசைலம் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் கிழித்துக்கொண்டிருந்தார். அவளுடைய பை வாசலிலேயே இருந்தது. அந்தப் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அவருக்குத்தான் தெரியும்.

கோமதி வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளும் ஒரு தாளை எடுத்துக் கிழித்தாள்.

தெருமுக்கில் ஆறு மணி தூத்துக்குடி பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அப்புறம் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"அப்பா."

"ம்."

"நாளைக்கு என்ன குழம்பு?"