மேகப் பாறைக்குப் போன மருந்து

ஓடைக்கரைப் பொந்து ஒன்றில் பொன்னுரங்கம் என்ற கீரி மருந்துக்கடை வைத்திருந்தது. பாம்புக்கடிக்கு அது தரும் வேருக்குக் காடு முழுக்க நல்ல பேர். ஆனால் மழைக்காலம் வந்தால் பொந்துக்குள் தண்ணீர் புகுந்துவிடும். போன ஐப்பசியில் பாதி வேர் அழுகிப் போயிற்று.

அந்தச் சமயம் பார்த்துப் பருந்து வந்தது.

"மலை உச்சியில், மேகம் உரசுகிற பாறையில் எங்களுக்கு ஒரு குகை இருக்கிறது. சொட்டுத் தண்ணீர் இறங்காது. உன் சரக்கை அங்கே வைத்துக்கொள். வேண்டும்போது குரல் கொடு, கொண்டுவந்து தருகிறேன். தினம் ஓர் எலி கொடுத்தால் போதும்."

கீரி அப்போதே திட்டம் போட உட்கார்ந்தது. கடையில் அதற்குக் கூட்டாளி அஞ்சலை என்ற முள்ளம்பன்றி.

"கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம் அண்ணே," என்றது அஞ்சலை. "அவசரத்துக்கு நாலு கட்டு வேர் இங்கேயே ஏதாவது மேட்டில் இருக்கட்டும். காற்றடிக்கிற நாளில் பறந்து வர முடியுமா என்றும் பருந்திடம் கேட்டுவிடு."

கீரிக்கு எரிச்சல் வந்தது. "மழைக்குப் பயந்துதானே மாற்றுகிறோம்? மறுபடி இங்கேயும் வைத்தால் இரட்டை வேலை. கேள்வி கேட்டே காரியத்தைக் கெடுக்காதே."

அஞ்சலை வேரைக் கட்டுக் கட்டாகக் கட்டத் தொடங்கியது. மூன்றே நாளில் சரக்கு முழுவதும் மேலே போயிற்று.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. கூப்பிட்டதும் வேர் வந்து இறங்கியது. கீரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் புயல் பிடித்தது. மரங்கள் முறிந்து விழ, நடுவில் ஒரு பெண்மான் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"என் குட்டியைப் பாம்பு தீண்டிவிட்டது. மூங்கில் புதரில் கிடக்கிறது. வேர் கொடு."

"இதோ, ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டுக் கீரி பாறையடிக்கு ஓடியது. மானும் பின்னாலேயே ஓடியது. கீரி தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் பருந்து குகையிலிருந்து தலையை நீட்டியது.

"இந்தக் காற்றில் சிறகை விரிக்க முடியாது," என்றது பருந்து.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேட்கவில்லையே."

"தூக்கியாவது போடு!"

பருந்து மூன்று கட்டு வேரைத் தூக்கிப் போட்டது. மூன்றையும் காற்று பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோயிற்று. செங்குத்துப் பாறையில் ஏறப் பார்த்து ஏறப் பார்த்துக் கீரியின் நகங்கள் பெயர்ந்தன. "இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும்," என்று மானிடம் சொல்லிக்கொண்டே இருந்தது.

காற்று அடங்கியபோது உச்சிவேளை தாண்டிவிட்டது. பருந்து வேரோடு இறங்கியது. மூவரும் மூங்கில் புதருக்குப் போனபோது குட்டியின் உடம்பு விறைத்திருந்தது.

மான் திட்டவில்லை. கீரியைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னது:

"மருந்து கையில் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சாகும்போது அதன் பக்கத்திலாவது இருந்திருப்பேன்."

சரக்கை எங்கே பத்திரமாக வைப்பது என்று யோசிக்கிறவர், அது கைக்கு எட்டாத நாளில் என்ன செய்வது என்பதையும் முன்னமே யோசிக்க வேண்டும். யோசிக்கத் தவறினால், அந்தத் தவறுக்கு ஒரு பாவமும் அறியாதவர் பலியாக நேரும்.