யாரும் மாற்றாத பக்கம்

மேகங்கள் தாழ வந்து மொட்டைமாடிகளில் படுத்துறங்கும் ஓர் ஊர். அங்கே எல்லோரும் சேர்ந்து விளையாட்டாக இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் எழுதினார்கள். அதற்குப் பெயர் புளுகுக் களஞ்சியம். யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம். அதைக் கவனித்துக்கொண்டவள் தையல்கடையில் பொத்தான் தைக்கும் செண்பகவல்லி.

ஒருநாள் நகராட்சித் தலைவர் ராஜகம்பீரம் கடைக்குள் நுழைந்தார்.

"நான் தூங்கும்போது என் மீசை மட்டும் எழுந்து ஆற்றங்கரைக்கு உலாவப் போகுதாமே? களஞ்சியத்துல அந்த வரி இருக்கக் கூடாது. நான் வள்ளல், நியாயவான், லஞ்சம் தொடாதவன்னு எழுது. அதை ஒருத்தனும் மாத்தக் கூடாது. மாத்தினா இந்தக் கடைக்குப் பூட்டுதான்."

செண்பகவல்லி அவர் சொன்னதையெல்லாம் அங்கேயே எழுதினாள். "மீசை வரியை நான் அழிச்சா வேற யாராவது திரும்ப எழுதுவாங்க ஐயா. ஒரு வாரம் விட்டுப் பாருங்க."

அடுத்த வாரம் தலைவர் கவுன்சிலர்கள் புடைசூழ வந்தார்.

"பார்த்தீங்களா, என் புகழ்ல ஒரு எழுத்தைக்கூட யாரும் தொடலை. அந்த மீசை வரியும் போயிடுச்சு. அவ்வளவு மரியாதை."

செண்பகவல்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மரியாதை இல்லீங்க ஐயா. எங்க களஞ்சியத்துல ஒரே சட்டம்தான். பொய் எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கலாம். உண்மைன்னு தெரிஞ்சா யாராவது அழிச்சிடுவாங்க."

கவுன்சிலர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"அப்போ மீசை?" என்றார் தலைவர்.

"அதைப் படகுக்காரர் ஒருத்தர் அழிச்சாருங்க. நேர்லயே பார்த்தாராம்."

தலைவர் மெல்ல மீசையைத் தடவினார். விரலில் ஈர மணல் ஒட்டியது.